ஆறு நிமிடக் கிரிவலம்

1

போன மாதம் என் விமானத்தைத் தராசில் ஏற்றினோம். மூன்று சக்கரங்களுக்கு அடியில் மூன்று தராசுகள். எங்கள் கிளப்பின் பரிசோதகர் கீத், மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு மூன்று எண்களையும் கூட்டினார். இருநூற்று எண்பத்தெட்டு கிலோ. விமானத்தோடு வந்த காகிதத்தில் இருந்தது இருநூற்று அறுபத்தெட்டு.

கீத் கோபப்படவில்லை. "கம்பளத்தை எடுத்துவிடு. சக்கர மூடிகளைக் கழற்று. இருக்கைகளையும் வெளியே போடு. மறுபடி நிறுப்போம், சரியாக வரும்" என்றார். சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். இந்த வகைக் குட்டி விமானத்துக்கு மைக்ரோலைட் என்று பெயர். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்ந்து நானூற்றைம்பது கிலோவைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். இரண்டு ஆண்கள் ஏறி ஒரு மணி நேரம் பறக்கப் பெட்ரோல் போட்டாலே அநேகமாகத் தாண்டிவிடும். அதனால் இந்தத் தேசத்தில், வரிசையில் நிற்பதைக்கூட மதமாக வைத்திருக்கிற இந்தத் தேசத்தில், பரிசோதனை நாளன்று மட்டும் எல்லோருடைய விமானமும் இளைத்துவிடும்.

நான் அதை விற்க நினைத்திருந்தேன். வாங்க இருந்தவர் சான்றிதழ் கேட்டார். கீத் சொன்னது எனக்கு உதவிதான். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டிருந்தது.

நடந்ததை எழுதித் தர வேண்டும் என்று கஸ்தூரி கேட்டு அதற்குள் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கஸ்தூரி என் தம்பி மனைவி.

2

நான் திருவண்ணாமலையை விட்டுக் கிளம்பியது எண்பத்தொன்பதில். எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலை. இங்கிலாந்தின் வடக்கில், வெயில் அடித்தால் ஆட்கள் அதைச் செய்தி மாதிரி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற ஒரு சின்ன ஊர். அன்று முதல் அடுத்தவர் எலும்பைப் படம் பிடிக்கிறேன். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார். அதோடு போயின என் ஞாயிற்றுக்கிழமைகள்.

தொண்ணூற்று மூன்றில் லைசென்ஸ் வாங்கினேன். நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய விமானம் வைத்திருந்தோம். என் தம்பியைவிட வயதில் மூத்தது. அலுமினியத் தகடு, தலைக்கு மேலே இறக்கை, கனத்த உடம்பு. உள்ளே ஏறினால் எண்ணெயும் பழைய தோலும் கலந்த வாடை. இஞ்சின் வேகத்தைக் குறைக்கும் த்ராட்டில் கைப்பிடியை மூடினாலும் அது உடனே வேகத்தை விடாது. பாரம் ஏற்றிய லாரி மாதிரி தன் போக்கில் இன்னும் கொஞ்ச தூரம் வரும். இறங்கும்போது தரைக்கு மேல் ஆளுயரத்தில் கையைத் தளர்த்திவிட்டு அதன் கனத்தை நம்பலாம். பத்து வருடம் நம்பினேன். என் வலது கை அந்த நம்பிக்கையில் ஊறிப்போயிருந்தது.

என் மகள் சுதா எட்டு வயதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். எங்களுக்குள் தமிழ் ஓடிய கடைசி இடம் அந்த விமானம்தான். இரைச்சலில் ஆங்கிலம் புரியவில்லை என்று நான் பொய் சொல்வேன்.

இரண்டாயிரத்து மூன்றில் எனக்குச் சர்க்கரை வந்தது. பழைய விமானத்தை ஓட்டத் தனி மருத்துவச் சான்றிதழ் வேண்டும். ஆறு மாதத்தில் எட்டுக் கடிதங்கள். ஒவ்வொரு படிவத்திலும் பிறந்த ஊருக்குப் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொரு முறையும் ஊர் 'திருவண்ணாமல்' என்று வெட்டுப்பட்டு நின்றது. எட்டாவது கடிதம், சர்க்கரைக்கு நான் சாப்பிடும் மாத்திரை எந்தப் பட்டியலிலும் சேராததால் கோப்பு திறந்தே இருக்கும் என்றது. அப்போதுதான் கீத் மைக்ரோலைட்டைச் சொன்னார். அதற்குக் குடும்ப டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

பங்கை விற்றுவிட்டு வெள்ளை வெளேரென்ற பிளாஸ்டிக் உடம்பு விமானம் ஒன்றை வாங்கினேன். பழையதைவிட வேகம். எரிபொருள் பாதி. உள்ளே புதுச் செருப்பு டப்பா வாடை. பழைய விமானக்காரர்கள் "பொம்மை எப்படி இருக்கிறது?" என்று கேட்பார்கள். நான் அவர்களைத் தாண்டிப் பறந்து காட்டுவேன். அவ்வளவு சின்ன புத்தி எனக்கு.

பயிற்சியின்போது கீத் மூன்று முறை சொன்னார். "உன் பழைய கையை வீட்டில் வைத்துவிட்டு வா. இதற்குக் கனம் கிடையாது. த்ராட்டிலை மூடிய அடுத்த நொடி வேகம் செத்துவிடும்." மூன்று முறையும் தலையாட்டினேன்.

வாங்கிய அன்று கணக்குப் போடச் சுதா பேனாவோடு வந்தாள். "அப்பா, உங்க இடை எவ்ளோ?"

"எடை."

"அதான், இடை."

சிரித்துக்கொண்டே எழுபத்தொன்று என்றேன். உண்மையில் எழுபத்தெட்டு. அவள் எழுதிக்கொண்டாள். அவள் என்னிடம் தமிழில் கேட்ட கடைசிக் கேள்விகளில் ஒன்று அது.

அதே வாரம் தம்பி சேகருக்குப் படத்தோடு மின்னஞ்சல் அனுப்பினேன். மணிக்கு இருநூறு கிலோமீட்டர், பங்க்கில் போடுகிற சாதா பெட்ரோல், பெரிய லைசென்ஸ் வேண்டாம், முன்னூறு மீட்டர் புல்தரை இருந்தால் போதும். ஊரில் இருப்பவனிடம் காட்டாவிட்டால் வெளிநாட்டில் வாங்கியது எதற்கு?

3

என் தம்பி சேகர் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவில் லாட்ஜ் வைத்திருக்கிறான். பன்னிரண்டு அறை. கஸ்தூரி சமையல். வெள்ளைக்காரர்களுக்குக் காரம் போடாத கிச்சடி, ஆந்திராக்காரர்களுக்குக் காரம் போட்ட எல்லாம். விடியற்காலை நாலரைக்கு அவள் அடுப்பைப் பற்ற வைத்தால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் அணைப்பாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது கம்மி.

இரண்டாயிரத்து நாலு கடைசியில் சேகர் போன் செய்தான்.

"ண்ணா, உன் மெயில பாத்துட்டு ஒரு ஐடியா வந்துச்சு. கிரிவலம் நடக்க முடியாதவங்க எத்தன பேரு. முட்டி வலி, சுகர், ஹார்ட்டு. ஆகாயத்துல சுத்திட்டு வந்துடலாம். ஆகாய கிரிவலம். நோட்டீஸ்கூட அடிச்சாச்சு."

"விமானம்?"

"பெங்களூர்ல ஒர்த்தரு வச்சிருந்தாரு. உன்துமாதிரியே. வாங்கிட்டேன். நீ வந்து நாலு ரவுண்டு ஓட்டிக் காமி. அப்பறம் ஆள் போட்டுக்கறேன்."

"பர்மிஷன்?"

"லெட்டர் வந்துடுச்சுண்ணா."

மூன்று வார விடுமுறை போட்டுவிட்டு மாசி மாதம் போய் இறங்கினேன். அண்ணன் சொன்னதைக் கேட்டுத் தம்பி விமானம் வாங்கிவிட்டான் என்பதில் எனக்கு உள்ளுக்குள் பெருமை. அதை இப்போது நினைத்தால் வாயில் புளித்த ஏப்பம் வருகிறது.

செங்கம் ரோடு முழுக்க போர்டுகள். முக்தி, மௌனம், மசாஜ், மணி மாற்று. தியானத்துக்கு அமைதி வேண்டும் என்று வந்தவர்களுக்காக வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் என் தம்பியின் தட்டி. மலைக்கு மேல் ஒரு வெள்ளை விமானம். அதன் ஜன்னலில் என் முகம். நான் அனுப்பிய படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தான்.

லெட்டரைக் கேட்டேன். நகலின் நகல். விண்ணப்பம் பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது என்றிருந்தது.

"சேகரு, இது பர்மிஷன் இல்ல."

"பரிசீலனைன்னா பாத்துக்கினு இருக்காங்கன்னுதான அர்த்தம். வேணாம்னு சொல்லலயே."

என் ஆங்கில லைசென்ஸும் இங்கே செல்லாது. அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

நிலம் அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் மேற்கே. ஜினதாஸ் நயினாருடையது. பக்கத்துக் கிராமத்து ஜைனக் குடும்பம். அவர்கள் கோயிலில் அவருடைய கொள்ளுத்தாத்தா பெயர் கல்லில் இருக்கிறது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய நிலத்தைச் சமன் செய்து, தெற்கு வடக்காக முன்னூறு மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பறவை அடிபடும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நயினார் தினமும் காலையில் கோட்டின் ஓரமாகக் கைதட்டிக்கொண்டே நடந்து மைனாக்களை விரட்டுவாராம்.

மண் மெத்தென்று இருந்தது. கிழக்கே மலை சுவர் மாதிரி நின்றது. மாசியில் காற்று கிழக்கிலிருந்துதான். மலையைத் தாண்டி வரும் காற்று இந்தப் பக்கம் அருவி மாதிரி கீழே விழும். "இங்க ஸ்டால் ஆனா ஆபத்து" என்று சேகரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நயினார் குறுக்கிட்டார். "ஸ்டால் போடறதா இருந்தா பஞ்சாயத்துல கேக்கணும் தம்பி. பௌர்ணமிக்குப் போன வாரமே எடம் பிரிச்சாச்சு."

"கடை இல்லைங்க. வேகம் கம்மியாகி, எறக்க தாங்காம விமானம் விழறதுக்கு அந்தப் பேரு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "விழறதுக்குன்னு தனியா பேரு வச்சிருக்கீங்கன்னா, அடிக்கடி விழும்போல."

4

வெள்ளோட்டத்தன்று காலை ஆறரைக்கு நான் மட்டும் ஏறிச் சுற்றினேன். காற்றே இல்லை. மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே போய், கிழக்கே திரும்பி, கோபுரங்களுக்கு எட்டத் தள்ளி, நகரத்தின் விளிம்பில் பறந்தேன். பஸ்கள் ஸ்டாண்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. நான் படித்த பள்ளிக்கூடம் தீப்பெட்டி அளவில் இருந்தது. பதினாறு வருடத்தில் ஒருநாளும் ஊர் எனக்கு அவ்வளவு பணிவாகக் கீழே கிடந்ததில்லை. சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

எட்டு மணிக்குள் எல்லாம் முடிய வேண்டும், அப்புறம் காற்று கிளம்பிவிடும் என்று சேகரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். திறந்துவைக்க வர வேண்டிய உள்ளூர்ப் பிரமுகர் பத்தேகாலுக்கு வந்தார். கூட மூன்று வண்டி ஆட்கள். ஒருவன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். இன்னொருவன் மூக்கில் குங்குமம் அப்பினான். பெட்ரோல் டின்னுக்கு ஓரடி தள்ளிக் கற்பூரத்தைக் கொளுத்தினார்கள். நான் பாய்ந்து காலால் மிதித்து அணைத்தேன். "ஃபாரின்காரு சாமி கும்புட மாட்டாரு போல" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. பிரமுகர் தேங்காயைப் புரொப்பெல்லரிலேயே உடைக்கப் பார்த்தார். நயினார்தான் ஒரு கல்லை எடுத்து வந்து முன்னால் போட்டார்.

அதற்குள் சுண்ணாம்புக் கோட்டுக்கு மேல் செம்மண் சுழன்று எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது.

"சேகரு, இன்னிக்கு வேணாம். நாளைக்குக் காலைல வச்சுக்கலாம்."

"அவரு நாளைக்கு வரமாட்டாருண்ணா. போட்டோகாரன் வந்து நிக்கறான். ஒரே ஒரு ரவுண்டு."

பிரமுகர் கதவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். இருக்கையைக் கையால் அழுத்தினார். பிளாஸ்டிக் கதவு நெளிவதைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து கும்பிட்டார். "மொதல்ல வீட்டு லட்சுமி போய்ட்டு வரட்டும். அதான் மொற."

வீட்டு லட்சுமி பட்டுப்புடவையில் ஆரத்தித் தட்டோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். சேகர் தட்டைக் கையிலிருந்து வாங்கினான்.

"ஏறு."

"நானா?"

"எல்லாரும் பாக்கறாங்க. ஏறு."

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் ஏறும் படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எடையைக் கேட்டேன். கேட்க வேண்டுமே என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் சேகர், "அறுபது, அறுபத்தஞ்சு இருக்கும்" என்றான். கஸ்தூரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பதினாறு வருடமாக மனிதர்களை ஸ்ட்ரெச்சரிலிருந்து மேஜைக்குத் தூக்கிப் போடுகிறவன் நான். ஆளைப் பார்த்தால் கிலோவுக்குக் கிலோ சொல்வேன். எண்பத்து நாலு. நோட்டில் அறுபத்தைந்து என்று எழுதினேன். என் பெயருக்கு நேராக எழுபத்தொன்று. கூட்டிப் பார்த்தேன். நானூற்றைம்பதுக்குள் வந்தது. அடியில் கையெழுத்துப் போட்டேன். யாரும் கேட்காத கையெழுத்து அது. நான் ஒழுங்கானவன் என்று எனக்கே காட்டிக்கொள்ளப் போட்டது.

5

கோடு முடியப் பத்தடி இருக்கும்போதுதான் சக்கரம் தரையை விட்டது. கனம் கூடுதல் என்று அப்போதே தெரிந்தது.

கஸ்தூரி இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். வடக்கே காற்று சீராக இருந்ததால் கொஞ்ச நேரத்தில் பிடியைத் தளர்த்தினாள். குங்குமம் காற்றில் கரைந்து கண்ணாடியில் ஒரு கோடாக ஓடியது. தெற்குப் பக்கம் வந்ததும், காதில் மாட்டியிருந்த கருவி வழியே அவள் குரல் கேட்டது.

"மாமா, அதோ நம்ம மாடி டேங்கு. மூடி தெறந்து கெடக்குது பாருங்க. மூடச் சொன்னேன், எவனும் மூடல."

"பயமா இருக்குதா?"

"இல்ல. நடந்து சுத்தினா எனக்கு நாலு மணி நேரம் ஆவும். இப்ப எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ஆறு நிமிஷம்."

அவள் கீழே பார்த்தபடியே சொன்னாள். "நடக்கறப்பதான் மாமா என்னை யாரும் கூப்புட மாட்டாங்க. அந்த நாலு மணி நேரந்தான் எனக்குன்னு கெடைக்கும். இது வந்துட்டா ஆறு நிமிஷத்துல மறுபடியும் அடுப்படி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மலையின் மேற்குப் பக்கம் திரும்பியதும் விமானம் கீழே இழுக்கப்பட்டது. இஞ்சினை முழுக்கத் திறந்தும் உயரம் நிற்கவில்லை. கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி இறங்கினோம். அங்கிருந்து தப்பி வயல் பக்கம் வந்தேன். தெற்கிலிருந்து நேராகக் கோட்டைப் பிடித்தேன். சுண்ணாம்பு தெரிந்தது, கூட்டம் தெரிந்தது, இன்னும் இருபதடி. சரியாக வந்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் என் வலது கை தன் பழைய வழக்கத்தைச் செய்தது. த்ராட்டிலை மூடிவிட்டுக் கனத்தை நம்பியது.

கனம் இருந்தது. வேகம்தான் இல்லை. மேலேயிருந்து காற்று ஒரு கையால் அமுக்கியது. விமானம் பறப்பதை நிறுத்திவிட்டு விழுந்தது.

இடது சக்கரக் கால் உள்ளே மடிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மண்ணைக் கிழித்துக்கொண்டு போய் நின்றோம். தீப்பிடிக்கவில்லை. எனக்குக் கீறல்கூட இல்லை.

இதை எழுதத்தான் இரண்டு மாதம் ஆயிற்று: நின்றதும் நான் முதலில் பார்த்தது இறக்கையை. இறக்கை உடைந்திருக்கிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன். கஸ்தூரி வாயைத் திறந்து மூச்சு விட முயன்றுகொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. ஓடி வந்த சேகர் சக்கரத்திடம் குனிந்தான். நாங்கள் இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

அவள் பக்கத்துக் கதவைத் திறந்தவர் நயினார். "அசைக்காதீங்க. யாரும் தொடாதீங்க. மோட்டார் கொட்டாய்க் கதவக் கழட்டி அதுமேல படுக்க வச்சுத் தூக்கணும்" என்றார். மனிதரைத் தூக்கும் வேலை செய்கிற நான் அதைச் சொல்லவில்லை.

பிரமுகரின் மூன்று வண்டிகளும் அதற்குள் ரோட்டைப் பிடித்துவிட்டன.

6

நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வண்டியிலேயே சேகர் சொல்லிக் கொடுத்தான். "மாடிப்படியில விழுந்துட்டதா சொல்லணும். விமானம்னா போலீஸ் கேசு. லெட்டரக் கேப்பாங்க. அண்ணன் பாஸ்போர்ட்ட புடுங்கிப்பாங்க."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

சீட்டு எழுதின பெண், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டாள். கஸ்தூரி கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "மாடிப்படி. வழுக்கிடுச்சு."

எக்ஸ்ரே படத்தைக் கையில் கொடுத்தார்கள். டாக்டர் வருவதற்கு முன்பே நான் அதை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். இடுப்புக்கு மேலே, முதுகெலும்பில் ஒரு கட்டை முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. மேலேயிருந்து உட்கார்ந்த நிலையில் விழுகிறவர்களுக்கு வருவது. மாடிப்படியில் வழுக்கியவர்களுக்கு இப்படி வருவது அபூர்வம். அது என் தொழில். டாக்டர் கேட்டார்: "படியிலேயா?" நான் "ஆமாங்க" என்றேன். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஒருவேளை உண்மை வந்திருக்குமோ என்று பிறகு யோசித்திருக்கிறேன். வந்திருக்காது.

காலில் உணர்ச்சி இருந்தது. நடக்க முடியும், நாளாகும் என்றார்கள். கிராம நிர்வாக அலுவலர் நயினாரிடம் விசாரிக்க வந்தார். முந்தின நாள் சேகர் நயினார் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசியிருந்தான். நயினார் அவரிடம், "வந்துச்சு, விழுந்துச்சு, பொம்பளைக்கு அடி. பாத்ததத்தான் சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டார். அந்த அறிக்கை எங்கே போயிற்று என்று தெரியாது. விமானத்துக்கு மட்டும் சீல் வைத்தார்கள். அடிபட்டது யார் என்று யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

என் டிக்கெட்டுக்கு ஆறு நாள் இருந்தது. சேகர் முன்னதாக மாற்றிக் கொடுத்தான். "நீ கெளம்புண்ணா. இங்க இருந்தா உனக்குத்தான் பேஜாரு." சொல்லிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனேன். கஸ்தூரி மல்லாந்து படுத்திருந்தாள். "சாப்டீங்களா மாமா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்.

7

வீட்டுக்கு வந்து மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். கூடத்தில் படித்துக்கொண்டிருந்த சுதாவும் கேட்டுவிட்டாள். அவளுக்கு அப்போது பதினேழு முடிந்திருந்தது.

"ரிப்போர்ட் பண்ணீங்களா?" என்றாள்.

"அங்க அதெல்லாம் வேற மாதிரிம்மா."

அதற்குப் பிறகு அவள் பேசியது முழுக்க ஆங்கிலம். இங்கே கிளப்பில் யாராவது அப்படிச் செய்திருந்தால் அவரை நான் மேஜை போட்டு விசாரித்திருப்பேன் என்றாள். சித்தி வெள்ளைக்காரியாக இருந்திருந்தால் அவளுடைய எடையை நான் சரியாக எழுதியிருப்பேனா என்று கேட்டாள். அவள் சித்தி என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள். செப்டம்பரில் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அதற்குப் பிறகு விமானத் தளத்துக்கு வரவில்லை. போன் செய்தால் அம்மாவிடம் பேசுகிறாள்.

நான் தொடர்ந்து பறந்தேன். அதையும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் விட்டுவிட்டு மறுபடி பறக்கப் போனேன். விற்கத் தோன்றியது பத்து மாதம் கழித்து, கஸ்தூரி போன் செய்த பிறகு.

"மாமா, வலி கொறையல. இவரு சென்னைக்குக் கூட்டினு போனாரு. அங்க டாக்டரு சொல்றாரு, படியில விழுந்ததுக்கு இந்த வயசுல இப்படி ஒடையாது, எலும்புலயே இன்னாவோ வியாதி இருக்கும்னு. டி.பி.யா இருக்கும்னு மாத்திர குடுத்துருக்காரு. திங்க திங்க வாந்தி. ஒரு வாய் சோறு தங்கல."

"நெஜத்தச் சொல்லிடும்மா."

"நான் சொல்லி, இவரு இல்லன்னா? நான்தான பொய் சொன்னவ, மொத சீட்டுலயே எழுதியிருக்குது. நீங்க எழுதிக் குடுங்க. ஓட்னவரு நீங்க. எக்ஸ்ரே பாத்தவரும் நீங்க. டாக்டருக்கு இங்கிலீஷ்ல எழுதுங்க. எனக்குத் தமிழ்ல ஒண்ணு. நான் படிக்கணும்."

சரி என்றேன். இரண்டு மாதம் எழுதவில்லை. எழுதினால் அனுமதி இல்லாமல் ஓட்டியது, எடையில் பொய் சொன்னது, ஆஸ்பத்திரியில் பொய் சொன்னது எல்லாம் என் கையெழுத்தில் இருக்கும். லைசென்ஸ் போகும், ஒருவேளை வேலையும் போகும் என்று கணக்குப் போட்டேன். அந்த இரண்டு மாதமும் அங்கே அவள் தேவையில்லாத மாத்திரையை விழுங்கி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது அது ஞாபகம் வரும். தடவி முடித்துச் சாப்பிடுவேன்.

தராசு நாளன்று ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்துவிட்டுக் கீத்திடம் இருநூற்று எண்பத்தெட்டு என்றே எழுதச் சொன்னேன். "விற்க முடியாது" என்றார். பரவாயில்லை என்றேன். வாங்க இருந்தவர் மறுநாளே விலகிக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், தமிழில் ஐந்து பக்கம். உயரம், வேகம், எடை, கையெழுத்து, எக்ஸ்ரேயில் பார்த்தது, சொன்ன பொய். ஆங்கிலப் பிரதியில் ஒன்றை எனக்கு லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் அனுப்பினேன். முதல் முறையாக அவர்கள் ஒரே கடிதத்தில் பதில் அனுப்பினார்கள். நான் இப்போது பறப்பதில்லை. சேகர் என்னோடு பேசுவதில்லை. சுதாவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரி எழுதியிருந்தாள், ஆங்கிலத்தில்.

போன வாரம் கஸ்தூரி கூப்பிட்டாள். காகிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் இன்னொரு ஸ்கேன் எடுத்தாராம். மாத்திரையை நிறுத்திவிட்டாராம். முதுகுக்குப் பட்டை கொடுத்திருக்கிறாராம். சோறு தங்குகிறதாம்.

"சமையலுக்கு ஆள் போட்டாச்சு. என்னால குனிய முடியல. ரிசப்ஷன்ல நான்தான் இருக்கேன். நின்னுக்கினேதான். உக்காந்தா வலிக்குது."

"படிச்சியாம்மா?"

"படிச்சேன். ரெண்டு வாட்டி." எதிர்முனையில் யாரோ சாவி கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தாள். "எறக்கையப் பாத்தேன்னு எழுதியிருந்தீங்களே. அது எனக்கு அன்னிக்கே தெரியும். நான் உங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அடுத்த வருடம் லீவு போட்டு வரலாம் என்றிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"வாங்க. ஆனா வீட்ல தங்க வேணாம் மாமா. லாட்ஜ்ல ரூம் தரேன்" என்றாள். பதிவேட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "பௌர்ணமி பாத்து வராதீங்க. அன்னிக்கு எடம் இருக்காது."